அடி வாங்கப் பழக்கியவர்

கேட்கப்பட்ட கேள்வி: "அமெரிக்கக் கறுப்பின மக்களின் அகிம்சைப் போராட்டம் என்றாலே மார்ட்டின் லூதர் கிங் பெயர் மட்டும்தான் காதில் விழுகிறது. ஆனால் பழைய படங்களைப் பார்த்தால், கல்லூரிப் பிள்ளைகள் தலையில் கெட்சப் ஊற்றினாலும் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தப் பொறுமை எங்கிருந்து வந்தது? காந்தியின் தாக்கம் என்கிறார்களே, அதை அங்கே கொண்டுபோனது யார்?"

நீங்கள் சொல்லும் கெட்சப் படம் மிசிசிப்பியின் ஜாக்சன் நகரில் 1963 மே மாதம் எடுத்தது. ஆனால் அந்தப் பொறுமை எங்கே உருவானது என்று தேடினால், நாலு வருடம் பின்னால் போய் டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் ஒரு மெத்தடிஸ்ட் தேவாலயத்தின் அடித்தளத்துக்குள், தரைக்குக் கீழே இருக்கும் அறைக்குள், இறங்க வேண்டும். அங்கே வாராவாரம் மாலையில் மாணவர்களை உட்காரவைத்துப் பயிற்சி கொடுத்தவர் ஜேம்ஸ் லாசன். அப்போது அவருக்கு 31 வயது. அவரே இறையியல் மாணவர். கிங்கைப் பற்றி எழுத ஆள் நிறைய இருக்கிறார்கள். நான் இவரைப் பற்றியே எழுதுகிறேன், உங்கள் மூன்று கேள்விக்கும் பதில் இவரிடம்தான் இருக்கிறது.

முதலில் ஒரு காட்சி. 1960 பிப்ரவரி 27, சனிக்கிழமை, நாஷ்வில் கடைத்தெரு. கறுப்பின மாணவர்கள் கடைகளின் லஞ்ச் கவுண்டர்களில், வெள்ளையர்கள் மட்டும் உட்கார்ந்து சாப்பிடலாம் என்றிருந்த இடத்தில், உட்கார்ந்திருக்கிறார்கள். வெள்ளைக்கார இளைஞர் கும்பல் ஒன்று அவர்களை அடிக்கிறது. லாசன் நடுவில் வருகிறார். கறுப்புத் தோல் ஜாக்கெட் போட்ட ஒருவன் அவர் மேல் எச்சில் துப்புகிறான். லாசன் அவனைப் பார்த்து, கைக்குட்டை இருக்கிறதா என்று கேட்கிறார். அவன் திகைத்துப் போய், யோசிக்காமல் பையில் கைவிட்டு எடுத்துக் கொடுத்துவிடுகிறான். லாசன் நிதானமாகத் துடைத்துக்கொள்கிறார். பிறகு அந்த ஜாக்கெட்டைப் பார்த்து, உன்னிடம் மோட்டார் சைக்கிளா, காரா என்கிறார். மோட்டார் சைக்கிள் என்கிறான். அதைப் பற்றி இன்னும் இரண்டு கேள்வி. அவன் தன் வண்டியில் என்னென்ன மாற்றி வைத்திருக்கிறான் என்று விளக்க ஆரம்பித்துவிடுகிறான். அதற்குள் அடிபட்டுக்கொண்டிருந்த மாணவர் எழுந்து நகர்ந்துவிட்டார்.

இதை வாசிக்கும்போது, இந்த மனுஷன் மகான் போலிருக்கிறது, நம்மால் ஆகாது என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் லாசன் இதைக் கைத்தொழில் மாதிரிதான் பார்த்தார். அடிக்க வருகிறவன் ஒரு கணக்கோடு வருகிறான்: நீ பயந்து ஓடுவாய், இல்லை திருப்பி அடிப்பாய். இரண்டுமே நடக்காவிட்டால் அவன் கணக்கு தப்பிவிடும். அந்த ஒரு நொடியைப் பயன்படுத்தத் தெரிய வேண்டும், அவ்வளவுதான். தச்சு வேலை மாதிரி, கைபழகப் பழகத்தான் வரும்.

அந்தக் கைப்பழக்கம் அவருக்கு எப்படி வந்தது என்றால், கொஞ்சம் குடும்பக் கதை சொல்ல வேண்டும். லாசன் 1928 செப்டம்பர் 22 அன்று பென்சில்வேனியாவில் பிறந்தார். வளர்ந்தது ஒஹையோவின் மாசிலன் என்ற சிற்றூரில். அப்பா மெத்தடிஸ்ட் போதகர். போதகர் என்றாலும் இடுப்பில் துப்பாக்கி வைத்திருந்தவர். ஒரு கன்னத்தில் அடித்தால் மறு கன்னத்தைக் காட்டு என்பதெல்லாம் அவரிடம் நடக்காது. அம்மா ஜமைக்காவிலிருந்து வந்தவர். ஆரம்பப் பள்ளியில் படிக்கும்போது ஒருநாள் அம்மா ஏதோ வேலையாக அனுப்ப, சிறுவன் தெருவில் போகிறான். நிறுத்தியிருந்த காரில் உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரப் பொடியன் அவனை நிறத்தைச் சொல்லித் திட்டுகிறான். இவன் போய் ஓர் அறை விட்டுவிட்டு வீடு திரும்பி, பெருமையாக அம்மாவிடம் சொல்கிறான். அம்மா அடுப்பில் வேலையாக இருக்கிறார், திரும்பக்கூட இல்லை. "அதனால் என்ன நல்லது நடந்தது, ஜிம்மி?" என்று மட்டும் கேட்கிறார். பிறகு, இதைவிட நல்ல வழி ஒன்று இருக்கத்தான் வேண்டும் என்கிறார். தொண்ணூறு வயது தாண்டியும் லாசன் இந்தச் சமையலறைக் காட்சியைச் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பாவின் துப்பாக்கிக்கும் அம்மாவின் கேள்விக்கும் நடுவில் வளர்ந்த பிள்ளை என்று வைத்துக்கொள்ளலாம். ஒன்று கவனியுங்கள்: அம்மா "அடிப்பது பாவம்" என்று சொல்லவில்லை, "என்ன பலன்?" என்றுதான் கேட்டார். லாசனின் அகிம்சையில் கடைசிவரை இந்தக் கேள்வியின் வாடை இருந்தது.

கல்லூரியில் காந்தியைப் படித்தார். சமாதான இயக்கங்களில் சேர்ந்தார். கொரியப் போர் வந்தபோது கட்டாய ராணுவச் சேவைக்குப் பதிவு செய்ய மறுத்தார். இறையியல் படிக்கப் போகிறவர், அதைக் காரணம் காட்டி விலக்கு வாங்கியிருக்கலாம். அதை வாங்குவதே அந்தச் சட்டத்தை ஏற்பதுதான் என்று சொல்லி மறுத்துவிட்டார். 1951இல் மூன்று வருடத் தண்டனை கிடைத்தது. 13 மாதம் உள்ளே இருந்தார். வெளியே வந்து படிப்பை முடித்துவிட்டு எங்கே போனார் தெரியுமா? நாக்பூர். 1953 முதல் 1956 வரை அங்கே ஹிஸ்லாப் கல்லூரியில் மிஷனரியாக இருந்தார். விளையாட்டுப் பயிற்சியும் கொடுத்தார். காந்தி இறந்து ஐந்து வருடம்தான் ஆகியிருந்தது. அவரோடு சிறை போனவர்கள், உப்புக் காய்ச்சியவர்கள் எல்லாம் உயிரோடு இருந்த காலம். சத்தியாகிரகத்தைப் புத்தகத்தில் படிப்பதற்கும், அதைச் செய்தவர்களோடு பேசுவதற்கும் வித்தியாசம் இருக்கிறதல்லவா.

சரி, காந்தியை அமெரிக்கக் கறுப்பின மக்களிடம் கொண்டுபோனவர் லாசன் ஒருவர்தானா என்றால், இல்லை. ஹாவர்ட் தர்மன் என்ற இறையியலாளர் 1936லேயே இந்தியா வந்து காந்தியைச் சந்தித்துப் பேசியிருக்கிறார். பேயார்ட் ரஸ்டின் என்ற சமாதான இயக்கக்காரர் 1956இல் அலபாமா மாநிலத்தின் மாண்ட்கமரிக்குப் போய் கிங்குக்கு அருகிலிருந்து அகிம்சையின் நடைமுறையைச் சொல்லிக்கொடுத்தார். அப்போது கிங்கின் வீட்டிலேயே துப்பாக்கி இருந்தது. வீட்டில் குண்டு போட்டிருந்தார்கள், பாதுகாப்புக்கு வைத்திருந்தார். கிங் பிறக்கும்போதே காந்தியவாதி இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்னொன்றும் இங்கே சொல்லியாக வேண்டும். லாசன் சத்தியாகிரகம் கற்ற அதே நாக்பூரில்தான் 1956 அக்டோபர் 14 அன்று அம்பேத்கர் லட்சக்கணக்கானவர்களோடு பௌத்தம் தழுவினார். காந்தி வழியில் நம்பிக்கை இழந்தவர் எடுத்த முடிவு அது. லாசன் அதற்குள் ஊர் திரும்பிவிட்டார். ஓர் ஊர், ஒரே காலம், ஒடுக்கப்பட்டவர் விடுதலைக்கு இரண்டு வேறு வழிகள். காந்தியின் தாக்கம் என்று எளிதாகச் சொல்லிவிட்டுப் போகும்போது எனக்கு இது நினைவுக்கு வரும். லாசன் எடுத்துக்கொண்டது காந்தியின் போராட்ட முறையை. சாதி பற்றிய காந்தியின் கருத்துகள் அந்தக் கப்பலில் ஏறவில்லை.

நாக்பூரில் இருந்தபோதுதான் ஒருநாள் செய்தித்தாளில் மாண்ட்கமரி பேருந்துப் புறக்கணிப்பு பற்றி, நிறப்பிரிவினையை எதிர்த்துக் கறுப்பின மக்கள் பேருந்தில் ஏற மறுத்தது பற்றி, படித்துத் துள்ளிக் குதித்தார். 1955 டிசம்பர். தான் இத்தனை நாள் யோசித்துக்கொண்டிருந்ததை அங்கே ஒரு நகரமே செய்துகொண்டிருந்தது. ஊர் திரும்பி ஒஹையோவின் ஓபர்லினில் இறையியல் படிக்கச் சேர்ந்தார். 1957 பிப்ரவரியில் கிங் அங்கே பேச வந்தார். இரண்டு பேருக்கும் 28 வயது. படிப்பை முடித்துவிட்டுத் தெற்கே வரலாம் என்று இருக்கிறேன் என்றார் லாசன். காத்திருக்காதே, இப்போதே வா, உன்னைப் போல எங்களிடம் ஆள் இல்லை என்றார் கிங். லாசன் 1958இல் நாஷ்வில் வந்து சேர்ந்தார். ஒரு சமாதான அமைப்பின் தென்பகுதிச் செயலாளர் வேலை. வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் இறையியல் படிப்பு.

இனி அந்த அடித்தளத்துக்குள் போவோம்.

என்ன செய்வது என்பதை லாசன் முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு வரவில்லை. முதல் கட்டம் விசாரிப்பது. ஊரில் எது மிகவும் வலிக்கிறது என்று கேட்டார். ஆண்கள் வேலை, ஓட்டு என்று பேசியபோது, கூட்டத்துக்கு வந்திருந்த பெண்கள் கடைத்தெருவைச் சொன்னார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு துணி வாங்கப் போகிறோம். எங்கள் காசை வாங்கிக்கொள்கிறார்கள். ஆனால் கால் வலித்தால் உட்கார ஓர் இடம் கிடையாது, பிள்ளை அழுதால் ஒரு வாய் தண்ணீர் குடிக்கக் கவுண்டரில் உட்கார முடியாது. கடைக்குப் போகிறவர்கள் நாங்கள்தானே, உங்களுக்கு இது தெரியாது. லஞ்ச் கவுண்டர் போராட்டம் உண்மையில் இந்தப் பெண்கள் தேர்ந்தெடுத்தது. உல்வொர்த், கிரெஸ் மாதிரிக் கடைகளில் பற்பசை முதல் பாத்திரம் வரை எல்லாம் கறுப்பினத்தவருக்கும் விற்பார்கள். அதே கடையின் கவுண்டரில் அவர்கள் உட்கார்ந்து காப்பி குடிக்கக் கூடாது. அந்த அபத்தம் எல்லோர் கண்ணிலும் படும் இடம் அது.

அடுத்து ஒத்திகை. நாற்காலிகளை வரிசையாகப் போட்டு அதைக் கவுண்டர் என்று வைத்துக்கொள்வார்கள். சிலர் உட்காருவார்கள். மற்றவர்கள் வெள்ளைக்காரக் கும்பலாக நடிப்பார்கள். வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள், முகத்தில் சிகரெட் புகையை ஊதுவார்கள், தலைமயிரைப் பிடித்து இழுப்பார்கள், நாற்காலியிலிருந்து தள்ளுவார்கள். விழும்போது எப்படி உடலைச் சுருட்டிக்கொள்வது, தலையையும் கழுத்தையும் எப்படிக் கையால் மூடுவது, அடிக்கிறவன் கண்ணை விட்டுப் பார்வையை எடுக்காமல் இருப்பது எப்படி என்றெல்லாம் பழகினார்கள். ஒரே ஆளைப் போட்டுக் கும்பல் மிதித்தால், பக்கத்தில் இருப்பவர் அவர் மேல் கவிழ்ந்து படுத்து அடியைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். கடைசியாகச் சொன்னதை ஒருமுறை நிதானமாக யோசித்துப் பாருங்கள். அடியைப் பங்கு போடுவதற்கு ஒரு பாடம்.

அந்த வகுப்பில் உட்கார்ந்தவர்கள் யார் யார்? அலபாமாவின் பண்ணை வீட்டிலிருந்து வந்த, சின்ன வயதில் கோழிகளுக்குப் பிரசங்கம் செய்து பழகிய ஜான் லூயிஸ். பின்னால் 33 வருடம் அமெரிக்கக் காங்கிரசில் இருந்தவர். பெர்னார்ட் லஃபாயெட். ஜேம்ஸ் பெவல். பிற்காலத்தில் வாஷிங்டன் நகர மேயரான மேரியன் பாரி. சிகாகோவிலிருந்து ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தில் படிக்க வந்த டயான் நாஷ். இதில் நாஷ் எனக்கு மிகவும் பிடித்தவர், ஒரு காரணத்துக்காக: அவருக்கு இதெல்லாம் வேலைக்கு ஆகும் என்று ஆரம்பத்தில் நம்பிக்கையே இல்லை. ஊரில் நிறப்பிரிவினையை எதிர்த்து எதையாவது செய்துகொண்டிருந்தது இந்தக் கூட்டம் ஒன்றுதான், அதனால் வந்தேன் என்று பின்னால் சொன்னார். கொஞ்ச நாளில் மாணவர்கள் அவரையே தலைவராக்கினார்கள்.

1959 நவம்பர், டிசம்பரில் இரண்டு கடைகளில் வெள்ளோட்டம் பார்த்தார்கள். போய் உட்கார்ந்து, கேட்டு, மறுத்தவுடன் எழுந்து வந்துவிடுவது. விடுமுறை முடிந்து தொடங்கலாம் என்று இருந்தபோது, 1960 பிப்ரவரி 1 அன்று வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோவில் நான்கு மாணவர்கள் உல்வொர்த் கவுண்டரில் உட்கார்ந்து நாடு முழுக்கச் செய்தியாகிவிட்டார்கள். முதல் பெயர் கிரீன்ஸ்பரோவுக்குப் போய்விட்டது. ஆனால் அதிகம் தயாராக இருந்த ஊர் நாஷ்வில்தான். பிப்ரவரி 13 சனிக்கிழமை 120க்கு மேற்பட்டவர்கள், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும் உடையில், பாடப்புத்தகத்தோடு கடைகளுக்குள் நுழைந்து உட்கார்ந்தார்கள். உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினார்கள்.

27ஆம் தேதி அடி விழும் என்று முன்பே தகவல் வந்தது. லூயிஸும் லஃபாயெட்டும் ஒரு தாளில் விதிகளை எழுதி எல்லோருக்கும் கொடுத்தார்கள். திட்டினாலும் அடித்தாலும் திருப்பிச் செய்யாதே. சத்தமாகச் சிரிக்காதே. கடை ஆட்களோடு வம்பளக்காதே. தலைவர் சொல்லாமல் இடத்தை விட்டு எழாதே. நிமிர்ந்து உட்கார், முகம் கவுண்டரைப் பார்த்தே இருக்கட்டும். கடைசியில் இயேசு, காந்தி, கிங் மூவரின் போதனையையும் நினைவில் வை என்று இருந்தது. அன்று போலீஸ் அடித்தவர்களை விட்டுவிட்டு அடிவாங்கியவர்களைக் கைது செய்தது. முதல் வரிசையை இழுத்துக்கொண்டு போனதும், வெளியே காத்திருந்த இரண்டாவது வரிசை உள்ளே வந்து அதே நாற்காலிகளில் உட்கார்ந்தது. அவர்களைப் பிடித்ததும் மூன்றாவது. ஏறக்குறைய 80 பேர் சிறைக்குள். நீதிமன்றம் ஆளுக்கு 50 டாலர் அபராதம் போட்டது. நாஷ் எழுந்து, இந்த அபராதத்தைக் கட்டினால் எங்களைக் கைது செய்த அநியாயத்துக்கே துணைபோனதாகிவிடும், நாங்கள் சிறையிலேயே இருக்கிறோம் என்றார். சிறையில் இடமில்லாமல் நகராட்சிதான் திண்டாடியது.

மார்ச் தொடக்கத்தில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் லாசனை வெளியேற்றியது. நிர்வாகக் குழுவில் உள்ளூர்ப் பத்திரிகை முதலாளி ஒருவர் இருந்தார். அவருடைய பத்திரிகை லாசனைக் கலகக்காரர் என்று தொடர்ந்து எழுதிவந்தது. இதைக் கண்டித்து இறையியல் துறையின் பேராசிரியர்களில் பெரும்பாலோர் ராஜினாமா கடிதம் கொடுத்தார்கள். லாசன் பட்டத்தை பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் வாங்கிக்கொண்டார்.

உட்காருவது மட்டும் போதாது என்று லாசனுக்குத் தெரியும். ஈஸ்டர் வந்துகொண்டிருந்தது. நமக்குத் தீபாவளி மாதிரி, அங்கே ஈஸ்டருக்குக் குடும்பமே புதுத்துணி எடுக்கும். அந்த நேரத்தில் கறுப்பினக் குடும்பங்கள் கடைத்தெருவையே புறக்கணித்தன. வம்பு எதற்கு என்று வெள்ளைக்காரர்களும் வராமல் இருந்தார்கள். கடைக்காரர்களுக்கு இரண்டு பக்கமும் இடி. அகிம்சை எதிரியின் மனசாட்சியைத் தொடும் என்று பேசுகிறோம். தொடும்தான்; கல்லாப்பெட்டியைத் தொட்ட பிறகு இன்னும் சீக்கிரம் தொடும்.

ஏப்ரல் 19 விடியற்காலையில் மாணவர்களுக்காக வாதாடிய வழக்கறிஞர் அலெக்சாண்டர் லூபியின் வீட்டில் டைனமைட் வெடித்தது. லூபியும் மனைவியும் பின்னறையில் தூங்கியதால் உயிர் பிழைத்தார்கள். எதிரே இருந்த மருத்துவக் கல்லூரியில் நூற்றுக்கும் மேற்பட்ட ஜன்னல் கண்ணாடிகள் நொறுங்கின. அன்றே ஆயிரக்கணக்கானோர் நகராட்சிக் கட்டடத்துக்கு நடந்தார்கள். கோஷம் கிடையாது, பாட்டு கிடையாது, காலடிச் சத்தம் மட்டும். படிக்கட்டில் மேயர் பென் வெஸ்ட் நின்றிருந்தார். முதலில் சூடான வாக்குவாதம் நடந்தது. அப்புறம் டயான் நாஷ் குரலை உயர்த்தாமல், ஒரு மனிதரின் நிறத்தைப் பார்த்து அவரை ஒதுக்குவது தவறு என்று நீங்கள் நினைக்கிறீர்களா என்று கேட்டார். மேயர் என்று கேட்காமல் மனிதர் என்ற முறையில் கேட்டார். வெஸ்ட், ஆமாம், தவறுதான் என்றார். மறுநாள் பத்திரிகைகளில் அதுதான் செய்தி. மே 10 அன்று ஆறு கடைகளில் கவுண்டர்கள் எல்லோருக்கும் திறந்தன. அதையும் பேசிவைத்துக்கொண்டே செய்தார்கள்: முதல் சில வாரம் கூட்டமில்லாத நேரத்தில் இரண்டிரண்டு பேராகக் கறுப்பின வாடிக்கையாளர்கள் போவது, பத்திரிகைகள் பெரிதுபடுத்தாமல் இருப்பது என்று ஏற்பாடு. ஜெயித்த பிறகு எதிராளி முகத்தில் கரி பூசாமல் இருப்பதும் பாடத்தில் உண்டு.

குண்டு வெடித்த மறுநாள் நாஷ்வில் வந்த கிங், உங்களுக்கு ஊக்கம் கொடுக்க வரவில்லை, உங்களிடம் ஊக்கம் பெற்றுக்கொள்ள வந்தேன் என்று பேசினார். சபை மரியாதைக்காகச் சொன்னது என்று நான் நினைக்கவில்லை. அந்த மாதமே ராலே நகரில் எல்லா ஊர் மாணவர்களும் கூடி அமைத்த ஒருங்கிணைப்புக் குழுவின் கொள்கை அறிக்கையை எழுதியவர் லாசன். அதே கூட்டத்தில் பெரியவர்கள் நடத்திய மூத்த அமைப்பின் பத்திரிகையை, கறுப்பின நடுத்தர வர்க்கத்தின் ஏடு என்று குத்திக்காட்டி, அவர்கள் கோபத்தையும் சம்பாதித்துக்கொண்டார். அகிம்சாவாதி என்றால் எல்லோரிடமும் இனிக்க இனிக்கப் பேசுகிறவர் என்று நினைத்துவிடக் கூடாது.

1961இல் மாநிலம் விட்டு மாநிலம் போகும் பேருந்துகளில் நிறப்பிரிவினையை எதிர்த்துப் புறப்பட்ட 'சுதந்திரப் பயணம்' அலபாமாவில் பேருந்தை எரித்ததோடு நின்றுபோக இருந்தது. தொடங்கியவர்கள் நிறுத்திவிட்டார்கள். அதைத் தொடர ஆள் அனுப்பியவர் நாஷ். நாஷ்வில் பிள்ளைகள் கிளம்பும் முன் உயில் எழுதிவைத்ததெல்லாம் இந்தச் சமயத்தில்தான். லாசன் மே 24 அன்று ஜாக்சனுக்குப் போன பேருந்தில் இருந்தார். பேருந்துக்கு முன்னும் பின்னும் துப்பாக்கி ஏந்திய காவலர்கள். அந்தக் காவலே வேண்டாம் என்றார் அவர். ஜாக்சனில் இறங்கியதும் கைது. அந்தக் கோடையில் 300க்கு மேற்பட்டவர்கள் மிசிசிப்பிச் சிறைகளை நிரப்பினார்கள். நவம்பர் 1 முதல் பேருந்து நிலையங்களில் பிரிவினைப் பலகைகள் இறங்க வேண்டும் என்று மத்திய ஆணையம் உத்தரவு போட்டது.

இதுவரை வெற்றிக் கதை. இனி மெம்பிஸ். லாசனைப் புரிந்துகொள்ள இந்தப் பகுதிதான் முக்கியம், ஏனென்றால் இங்கே தோற்றது.

1962 முதல் அதே டென்னசியின் மெம்பிஸ் நகரில் ஒரு சபைக்குப் போதகராக இருந்தார். 1968 பிப்ரவரி 1 அன்று மழை. குப்பை லாரியின் பின்புறத்தில் ஒதுங்கிய இரண்டு துப்புரவுத் தொழிலாளர்கள், எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர், குப்பையை அமுக்கும் இயந்திரம் திடீரென்று ஓடியதில் நசுங்கிச் செத்தார்கள். மழை நாளில் கறுப்பினத் தொழிலாளர்களைக் கூலியில்லாமல் வீட்டுக்கு அனுப்புவது அங்கே வழக்கம். முழுநேரம் உழைத்தும் அரசு உதவியில் சாப்பிட வேண்டிய கூலி. பிப்ரவரி 12 அன்று சுமார் 1,300 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். மேயர் ஹென்றி லோப் அசையவில்லை. ஊர்வலத்தில் போலீஸ் கண்ணெரிச்சல் மருந்தை அடித்தது. லாசன் முகத்திலும் அடித்தது. அவர் ஆதரவுக் குழுவின் தலைவரானார். ஒரு மனிதனை மனிதனே இல்லை என்று நினைப்பதுதான் நிறவெறியின் மையம் என்று தொழிலாளர்களிடம் பேசினார். சில வாரங்களில் அவர்கள் கையில் அந்தப் புகழ்பெற்ற பதாகை இருந்தது: 'நான் ஒரு மனிதன்'.

கிங்கை மெம்பிஸுக்கு அழைத்தவர் லாசன்தான். மார்ச் 18 கூட்டம் பிரமாதம். 22ஆம் தேதி ஊர்வலம் என்று தீர்மானித்தார்கள். அன்று பனி ஓர் அடிக்கு மேல் கொட்டி எல்லாம் தள்ளிப்போனது. 28ஆம் தேதி ஊர்வலம் கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே பின்வரிசை இளைஞர்கள் பதாகைக் கம்பால் கடைக் கண்ணாடிகளை உடைத்தார்கள். லாசன் ஒலிபெருக்கியில் எல்லோரையும் திரும்பச் சொன்னார், கிங்கை அங்கிருந்து அகற்றச் செய்தார். போலீஸ் தடியோடு பாய்ந்தது. லாரி பெய்ன் என்ற 16 வயதுப் பையனைச் சுட்டுக் கொன்றது. கிங் தலைமையில் நடந்த ஊர்வலத்தின் உள்ளிருந்தே வன்முறை வெடித்தது அன்றுதான் முதல் தடவை.

ஏன் நடந்தது? உளவாளிகள், கூலிக்கு ஆள் என்று பல பேச்சு உண்டு. என் கணக்கு எளிமையானது. நாஷ்வில்லில் நூற்றிச் சொச்சம் பேரை உட்காரவைக்க மாதக்கணக்கில் பயிற்சி நடந்தது. மெம்பிஸில் பல்லாயிரம் பேர் தெருவில் இருந்தார்கள், அந்தப் பள்ளிக்கூடப் பையன்களில் யாரும் எந்த அடித்தளத்திலும் உட்கார்ந்ததில்லை. கோபம் நியாயமானது, பழக்கம் இல்லை. அகிம்சை ஒரு மனநிலை, நல்ல மனசு இருந்தால் தானாக வரும் என்று நம்புகிறவர்களுக்கு மார்ச் 28ஐத்தான் நான் காட்டுவேன்.

பழியைத் துடைக்க, ஒழுங்கான ஊர்வலம் ஒன்றை நடத்திக்காட்டத்தான் கிங் மறுபடி மெம்பிஸ் வந்தார். ஏப்ரல் 3 இரவு இடியும் மழையுமாக இருக்கும்போது பேசிய கடைசிப் பேச்சில் லாசனைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, இந்தப் போராட்டத்துக்காகச் சிறை போனவர், வாண்டர்பில்ட்டிலிருந்து விரட்டப்பட்டவர் என்றார். மறுநாள் மாலை லொரெய்ன் மோட்டலின் மாடி வராந்தாவில் சுடப்பட்டார். லாசன் வானொலியில் அமைதி காக்கும்படி கெஞ்சினார். ஏப்ரல் 8 அன்று கிங்கின் மனைவி கொரெட்டா முன்னே நடக்க, அந்த ஊர்வலம் பல்லாயிரம் பேரோடு சத்தமில்லாமல் நடந்தது. 16ஆம் தேதி நகராட்சி சங்கத்தை அங்கீகரித்துக் கூலியை உயர்த்தியது. நண்பரை அந்த ஊருக்கு அழைத்தவர் தான் என்ற நினைப்போடு லாசன் இன்னும் 56 வருடம் வாழ்ந்தார்.

அவர் வாழ்க்கையில் எனக்கு இன்றுவரை முழுதாகச் செரிக்காத இடம் ஒன்று உண்டு. கிங்கைக் கொன்றதாக ஒப்புக்கொண்டு, பிறகு மறுத்த ஜேம்ஸ் ஏர்ல் ரேயை லாசன் சிறைக்குப் போய்ப் பார்த்துவந்தார். 1978இல் ரேக்கும் அன்னா சாந்து என்ற பெண்ணுக்கும் சிறைக்குள் நடந்த திருமணத்தை நடத்திவைத்த போதகரும் அவரே. உண்மைக் குற்றவாளி ரே இல்லை என்று லாசன் நம்பினார், அதை வெளிப்படையாகவும் சொன்னார். அந்த நம்பிக்கையை நான் ஏற்கவில்லை. அவர் போனதை மட்டும் என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

1974இல் லாஸ் ஏஞ்சல்ஸ் போய் ஹோல்மன் மெத்தடிஸ்ட் சபையில் 25 வருடம் போதகராக இருந்தார். பெரும்பாலான வரலாறுகள் இந்த இடத்தில் அவரை விட்டுவிடும். ஆனால் வேலை நிற்கவில்லை. ஓட்டல் அறைகளைச் சுத்தம் செய்யும் பெண்கள், அலுவலகக் கட்டடங்களில் இரவு தரை துடைப்பவர்கள், பெரும்பாலும் மெக்சிகோவிலிருந்தும் மத்திய அமெரிக்காவிலிருந்தும் வந்தவர்கள், அவர்களின் சங்கங்களுக்கு அதே பாடத்தைச் சொல்லிக்கொடுத்தார். அமெரிக்கப் பொருளாதாரத்தை 'தோட்ட முதலாளித்துவம்' என்பார்: அடிமைகளை வைத்துப் பருத்தி விளைத்த தோட்டத்தின் புத்திதான் ஓட்டலையும் நடத்துகிறது என்று. சிவில் உரிமை இயக்கம் என்ற பெயரே அவருக்குப் பிடிக்காது. நாங்கள் நடத்தியது ஏதோ சில சட்டத்துக்கான கிளர்ச்சி என்று அந்தப் பெயர் சுருக்கிவிடுகிறது, அகிம்சை இயக்கம் என்று சொல்லுங்கள் என்பார்.

அவர் பெயர் ஏன் நம் காதில் விழுவதில்லை என்பதற்கும் இதுவே பாதிப் பதில். பேச்சு ஒலிப்பதிவாகும், ஊர்வலம் படமாகும். அடித்தளத்தில் வாரம் ஒரு மாலை நடக்கும் ஒத்திகையை யார் படம் எடுப்பார்கள்? அவரும் முன்னால் வந்து நிற்க விரும்பியவர் இல்லை. நாஷ்வில் படிக்கட்டில் மேயரிடம் கேள்வி கேட்டது அவருடைய மாணவிதானே.

வாண்டர்பில்ட் பின்னாளில் மன்னிப்புக் கேட்டது. 2006இல் அவரைச் சிறப்புப் பேராசிரியராக அழைத்தது. அவரும் போனார், வகுப்பு எடுத்தார், தன் கடிதங்களையும் ஆவணங்களையும் அந்தப் பல்கலைக்கழகத்துக்கே கொடுத்தார். 2020இல் ஜான் லூயிஸ் இறந்தபோது அட்லாண்டா தேவாலயத்தில் இரங்கல் பேசிய லாசனுக்கு 91 வயது. 2023இல் நாஷ்வில்லில் ஒரு உயர்நிலைப் பள்ளிக்கு அவர் பெயர் வைத்தார்கள். 2024 ஜூன் 9 அன்று லாஸ் ஏஞ்சல்ஸில் 95 வயதில் இறந்தார். தொண்ணூறு தாண்டிய பிறகும் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் அகிம்சை பற்றி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். ஹோல்மன் சபையிலிருந்து ஓய்வு பெற்ற பின்னும் அங்கே மாதம் ஒரு சனிக்கிழமை பயிற்சி வகுப்பு நடந்துகொண்டிருந்தது.